சுயம்புவின் கணுக்கால்

அடுப்பில் பதநீர், அவர்கள் பேச்சில் அக்கானி, கொதிக்கும்போது ஆள் வந்தால் செல்லபாய்க்குப் பிடிக்காது. கொதி கண்ட பிறகு அகப்பையை விட்டால் பொங்கி வழியும். இறக்குகிற பதம் தப்பினால் கருப்பட்டி உறையாது, அன்றைய பாடெல்லாம் மண்ணாகப் போகும். இது தெரிந்த எவனும் அந்த நேரத்தில் பனையேறியின் முற்றத்துக்கு வரமாட்டான். வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இந்தப் பிறவியில் நேர்ந்ததில்லை.

நாலு பேர் வந்திருந்தார்கள். முன்னால் கைலாசநாத பிள்ளை. செல்லபாயின் புருஷன் சுயம்பு ஏறுகிற பனைகள் அவருடையவை. அப்பா, தாத்தா எல்லாம் சர்க்கார் கச்சேரியில் எழுதிப் பிழைத்தவர்கள். இவர் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவருக்குப் பின்னால் மைத்துனர் முத்துக்குமாரசாமி, கச்சேரியில் நகலெழுதும் சிவானந்தம், பள்ளிக்கூட வாத்தியார் மோகனன் நாயர். நாலு பேரில் ஒருவரும் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் பாறசாலை டீம் எப்படி ஆடவேண்டும், எவன் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் தங்கள் நாலு பேருடைய மூளையிலிருந்துதான் புறப்படுகிறது என்று உறுதியாக நம்பினார்கள்.

போன வாரம்வரை இந்த முற்றத்து வேலிக்கு அப்பால் நின்று, "எலே, சுயம்பு உண்டா?" என்று கூப்பிட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்கிறவர்கள்தான். இப்போது சுயம்புவின் பாயைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து அவன் கணுக்காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீமுக்கு அவன் சென்டர் ஹாஃப். நடுவில் நின்று எதிராளியை மறித்து, பந்தைப் பறித்து, முன்னால் நிற்கிறவனுக்குக் கொடுக்கிறவன். போன சனிக்கிழமை காஞ்சிரங்குளத்துக்காரர்களோடு நடந்த ஆட்டத்தில் அவனுடைய வலது கணுவில் உதை விழுந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. வருகிற சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் மறுபடியும் ஆடித் தீர்க்கவேண்டும். ஜில்லாவை ஆண்டு பென்ஷன் வாங்கிய பழைய பேஷ்கார் ஒருவர் கொடுக்கிற வெள்ளிக் கோப்பை.

"விரல ஆட்டுலே பாப்போம்" என்றார் கைலாசநாத பிள்ளை.

உளுந்தமாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசிய கட்டுக்கு வெளியே சுயம்புவின் விரல்கள் கொஞ்சம் அசைந்தன.

"ஆடுது. விரலு ஆடினா கணுவுல ஒண்ணுமில்ல."

"நல்ல கதை ஓய்" என்றார் முத்துக்குமாரசாமி. "விரலு வேற, கணு வேற. எனக்க பெரியப்பாவுக்கு கணு பிசகினப்போ விரலு பத்தும் ஆடிச்சு. மனுஷன் ஆறு மாசம் எழும்பல்ல."

"உம்ம பெரியப்பா கணு பிசகாத காலத்துலயும் எழும்பினதில்ல வே."

மோகனன் நாயர் தொண்டையைச் செருமினார். "சுயம்பு இல்லெங்கில் பின்னே ஒரு வழியே உள்ளு. பத்துப் பேரும் கோலுக்கு முன்னால இறங்கி நிக்கணும். மதிலு போலே."

"பத்துப் பேரும் இறங்கினா கோலடிக்குகது யாரு? பேஷ்காரா?" என்றார் கைலாசநாத பிள்ளை.

"கோலு அடிக்கண்டாம். வாங்காம இருந்தா போதும்."

"வாங்காம இருந்தா சமன். போன வாரமும் சமன்தான். கோப்பைய ரெண்டா வெட்டி ஒரு துண்டு வாங்கீட்டு வரவா?"

செல்லபாய் அகப்பையைச் சுழற்றிக்கொண்டே கேட்டாள். இவர்கள் பேசுவது என் புருஷனின் காலைப் பற்றித்தானா, அல்லது ஏதோ உடைந்த வண்டிச் சக்கரத்தைப் பற்றியா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. முத்துக்குமாரசாமி பேச்சுவாக்கில் பானை விளிம்பில் வழிந்த பாகை விரலால் வழித்து நக்கினார். இவள் குடித்த தண்ணீரின் பக்கம் வரமாட்டார். இவள் கிண்டிய பாகுக்கு மட்டும் தீட்டில்லை.

அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பனை. மாசி பிறந்து பாளை நன்றாகச் சுரக்கிற காலம். காலையும் மாலையும் ஏறிப் பாளையின் நுனியைச் சீவிவிட்டால்தான் அக்கானி இறங்கும். ரெண்டு நேரம் தவறினால் பாளை வாயடைத்துக்கொள்ளும். இந்த நாலைந்து மாதத்தில் காய்ச்சுகிற கருப்பட்டிதான் வருஷம் முழுக்க அடுப்பில் உலை வைக்கும். கால் போன சென்டர் ஹாஃபுக்குப் பதில் ஆள் தேடலாம். பாளைக்கு அந்தப் பேச்செல்லாம் புரியாது.

அது நின்றுபோகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தவன், உதைத்த அதே ஆள்தான். காஞ்சிரங்குளத்து முன்னணி ஆட்டக்காரன் வேதமாணிக்கம். அவனும் பனையேறி. ஏறுகிறவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவனுடைய காலை எவன் கெடுத்தானோ அவன், கால் தேறுகிறவரை அவனுடைய பனைகளை ஏறிக் கொடுக்கவேண்டும். சண்டையானாலும் விளையாட்டானாலும் அதே முறைதான். இறக்குகிற அக்கானியில் ஒரு துளி அவனுக்குக் கிடையாது. உதை விழுந்ததற்கு மறுநாள் விடியுமுன்பே வேதமாணிக்கம் காலில் மாட்டி ஏறுகிற தளைநாரோடும் அரிவாள்பெட்டியோடும் வந்து நின்றான். பக்கத்துத் தெருவில் அவனுடைய அக்காள் வீடு, அங்கே தங்கிக்கொண்டான். அவனுடைய பனைகளைத் தம்பி பார்த்துக்கொண்டான். வந்தவன் மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "கலயத்துக்குச் சுண்ணாம்பு தேச்சாச்சா அக்கா?" என்று கேட்டான், ஏறினான். செல்லபாய்க்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கும் அந்தி ஏற்றத்துக்கு அவன் உச்சியில் இருந்தான். சிவானந்தம் தற்செயலாக அண்ணாந்து பார்த்தான்.

"அது யாரு மேல?"

"வேதமாணிக்கமாக்கும்" என்றாள் செல்லபாய்.

நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். கைலாசநாத பிள்ளை பனையைப் பார்த்தார். பிறகு பனைக்குக் கீழே, அறுப்பு முடிந்து வெறுமையாய்க் கிடந்த வயலைப் பார்த்தார். அங்கேதான் பாறசாலைப் பையன்கள் தினமும் பந்தடித்துப் பழகினார்கள்.

"அங்க இருந்து பாத்தா வயலு முழுசும் தெரியுமே ஓய்."

"தெரியும். யாரு எங்க நிக்குதான், எல்லாம் தெரியும்."

"ஒற்று" என்றார் மோகனன் நாயர். "ஞான் அப்போழே பறஞ்ஞில்லே."

அவர் அப்போதும் சொல்லவில்லை, எப்போதும் சொல்லவில்லை. ஆனாலும் மற்ற மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். காலை உதைத்ததே இதற்குத்தானாம். உதைத்தால் பனை ஏறவேண்டி வரும், பனை ஏறினால் வயல் தெரியும், வயல் தெரிந்தால் பாறசாலையின் தடுப்புத் தந்திரம் முழுக்கத் தெரிந்துவிடும். இப்படி ஒரு சூழ்ச்சியை யோசிக்க ஒருவனுக்கு வக்கீல் குமாஸ்தாவின் மூளை வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அங்கே ஒளிக்கிற அளவுக்குத் தந்திரம் ஒன்றும் இல்லை. பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் இறங்கி நிற்பதா வேண்டாமா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

"சனியாழ்ச்ச வரைக்கும் இந்தப் பனையில எவனும் ஏறக்கூடாது" என்றார் கைலாசநாத பிள்ளை.

செல்லபாய் அகப்பையை விட்டுவிட்டு எழுந்தாள். "ரெண்டு நேரம் சீவாம விட்டா பாளை வாயடச்சிரும் ஏமானே. பின்ன அது பாளையில்ல, விறகு."

"நாலு நாளு தானே."

"நாலு நாளு களிச்சு ஏமான் கேட்டாலும் அது தராது. ஏமானுக்க மொறை அக்கானியும் அதே பாளையிலதான் இறங்குது."

கடைசியில் சொன்னதுதான் ஏறியது. வாரத்தில் பாதி நாள் அக்கானி பிள்ளை வீட்டு முறை. கைலாசநாத பிள்ளை மைத்துனரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். பிறகு வந்து தீர்ப்புச் சொன்னார். வேதமாணிக்கம் ஏறலாம். ஆனால் மேற்கே பார்த்துத்தான் சீவவேண்டும். கிழக்கே வயல் பக்கம் முகத்தைத் திருப்பக்கூடாது. திருப்புகிறானா என்று சிவானந்தம் அடியில் நின்று பார்த்துக்கொள்வான்.

வேதமாணிக்கம் இறங்கி வந்து இதைக் கேட்டான். செல்லபாயைப் பார்த்தான். "கிழக்குப் பக்கத்துப் பாளைய எப்பிடி மேற்க பாத்துச் சீவுகது?"

"அத நீதான் பாக்கணும்" என்றார் கைலாசநாத பிள்ளை.

அப்படியாக, கச்சேரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு படித்த ஆள் நாலு நாள் பனைமூட்டில் அண்ணாந்து நின்று இன்னொருவனுடைய முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காவல் காத்தான். கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்கும் செல்லபாயிடம்தான் எண்ணெய் கேட்டான். கொடுத்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சிரிப்பெல்லாம் வெள்ளிக்கிழமையோடு சரி. அன்றைக்கு நாலு பேரும் மறுபடி வந்தார்கள், தந்திரம் முடிவாகிவிட்டது என்று. பத்துப் பேரும் இறங்குவார்கள். நடுவில், கோலுக்கு நேர் முன்னால், சுயம்பு நிற்பான்.

"அவனால ஓட முடியாது ஏமானே. ஊன்றவே இப்பதான் செய்யுதான்."

"ஓடண்டாம். நின்னா மதி" என்றார் மோகனன் நாயர். "அவன் நிக்குந்நது கண்டாலே காஞ்சிரங்குளத்துக்காரனுக்கு முட்டு விறைக்கும்."

"பாறசாலைக்க கோட்டையில்லியா இவன்" என்றார் முத்துக்குமாரசாமி. "கோட்டை ஓடவா செய்யும்?"

செல்லபாய் புருஷனைப் பார்த்தாள். அந்த மடையன் முகம் மலர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். பிள்ளைமார் நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், சொந்தக் கால் யாருடைய கால் என்பதே இவனுக்கு மறந்துபோகும். கோட்டையாம். இந்தக் கோட்டை ராத்திரி வெளிக்குப் போக அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

"நான் போறேன் பிள்ளே. சும்மா நிக்கத்தானே" என்றான் சுயம்பு பெண்டாட்டியிடம்.

"நிக்க மாட்டேன்னு சொல்ல நாக்கு இல்லியா உனக்கு?"

கைலாசநாத பிள்ளை வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். "நிர்பந்தமில்ல கேட்டியா. அவனுக்க இஷ்டம். பின்ன, அதியன்னூருல இருந்து ஒருத்தன் வந்து கேட்டுட்டுப் போனான், மேல வருஷத்துக்கு இந்தப் பனைகள ஏறத் தருமான்னு. நான் ஒண்ணும் சொல்லல்ல." மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவு என்னவென்று பனையேறியின் பெண்டாட்டிக்குத் தெரியும்.

சனிக்கிழமை செல்லபாய் ஒரு ஓலைக்கடவம் கருப்பட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போனாள். விற்றது பாதி, விற்காதது பாதி. மீதியோடு ஆட்டம் நடக்கிற மைதானத்தின் ஓரத்தில், கடலைக்காரிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆட்டம் பார்க்கப் போகவில்லை. காலைப் பார்க்கப் போனாள்.

பாறசாலை ஆட்டம் வெட்கக்கேடாக இருந்தது. பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் குவிந்து நின்று, வந்த பந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெளியே உதைத்தார்கள். ஒருவன் காலை ஒருவன் மிதித்தான். கோட்டுக்கு வெளியே நாலு தந்திரக்காரர்களும், "இறங்கு, இன்னும் இறங்கு" என்று கத்தினார்கள். இறங்க இடமில்லை. இன்னும் இறங்கினால் வலைக்குள்தான் போகவேண்டும். நடுவில் சுயம்பு, உடம்பின் பாரமெல்லாம் இடது காலில் கொடுத்து, நட்டுவைத்த கம்புபோல் நின்றான்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு வேதமாணிக்கம் பந்தோடு நேராக வந்தான். ரெண்டு பேர் அவனைப் பிடிக்கப் போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பிறகு அவனுக்கும் கோலுக்கும் நடுவில் சுயம்பு மட்டும். சுயம்பு கெட்ட காலை முன்னால் நீட்டினான். பழகின கால் அல்லவா, கேட்காது. செல்லபாய் கடவத்தை இறக்கிவிட்டாள். வேதமாணிக்கம் அந்தக் காலைப் பார்த்தான். அந்தக் காலை மிதித்துக்கொண்டு பந்தோடு போக இடம் இருந்தது, இடித்துத் தள்ளிவிட்டுப் போகவும் இருந்தது. அவன் ரெண்டும் செய்யாமல் பக்கவாட்டில் சுற்றி ஓடி, கோணலான இடத்திலிருந்து உதைத்தான். பந்து கம்பத்தைத் தாண்டி வெளியே போனது. நல்ல மனசு என்று சொல்லலாம். இன்னொரு உதை விழுந்தால் பங்குனி, சித்திரை முழுக்கத் தானே ஏறவேண்டும் என்ற கணக்காகவும் இருக்கலாம். எதுவானாலும் கால் தப்பியது.

"பாத்தேரா ஓய், கோட்டைய கண்டதும் பயந்து விலகினத" என்று கூத்தாடினார் முத்துக்குமாரசாமி.

கடைசியில் காஞ்சிரங்குளத்துக்காரன் ஒருவன், தன் கோல்கீப்பரிடம் திருப்பிக் கொடுக்கப் போன பந்தைத் தன் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டான். பாறசாலை ஜெயித்தது. ஒரு பாறசாலைக்காரனும் அந்தப் பக்கம் போகாமலே ஜெயித்தார்கள். அதுவும் தந்திரத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. நாலு தந்திரக்காரர்களும் ஓடிப்போய்ச் சுயம்புவைத் தோளில் தூக்கினார்கள். முன்னால் கைலாசநாத பிள்ளையும் முத்துக்குமாரசாமியும், பின்னால் சிவானந்தமும் மோகனன் நாயரும். ஜெயித்த அன்றைக்குத் தொட்டால் தோஷமில்லை, வீட்டுக்குப் போய்க் குளித்தால் போதும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கவேண்டும். சுயம்பு மேலே இருந்துகொண்டு பெண்டாட்டியைத் தேடினான். அவன் பல்லெல்லாம் தெரிந்தது. செல்லபாய்க்கும், என்ன இருந்தாலும், நெஞ்சுக்குள் கொஞ்சம் இளகியது. கால் மறுபடி கெடவில்லை. இன்னும் பத்து நாளில் அவனே ஏறிவிடுவான்.

அப்போது கூட்டம் விலகியது. பேஷ்கார், குடைபிடிக்கிற சேவகன் பின்னால் வர, கோப்பையோடு நேராக இவர்களை நோக்கி நடந்து வந்தார்.

தலைமுறை தலைமுறையாகச் சர்க்கார் ஆட்கள் முன்னால் கைகட்டி நின்றவர்கள். மேலதிகாரியைக் கண்டால் அந்தக் கைகள் யாரையும் கேட்பதில்லை. நாலு பேருடைய எட்டுக் கைகளும் ஒரே நேரத்தில் சுயம்புவை விட்டுவிட்டு நெஞ்சுக்கு நேரே கூப்பிக்கொண்டன.

சுயம்பு கெட்ட வலது காலின்மேல் விழுந்தான். எலும்பு ஒடிந்த சத்தம் கடலைக்காரிகள் இருந்த இடம்வரை கேட்டது.

செல்லபாய் ஓடிவந்து மண்ணில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்தபோது, பேஷ்கார் குனிந்து என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கைலாசநாத பிள்ளையின் கை இன்னும் கூப்பியபடியே இருந்தது. "பந்துகளியில பட்ட ஒடிவு ஏமானே, இப்ப தாங்கல்ல. காஞ்சிரங்குளத்துல வேதமாணிக்கம்னு ஒருத்தன். போன வாரமே இவனுக்க காலக் குறிவச்சவன். இன்னைக்கும் விடல்ல."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் வேதமாணிக்கத்தைப் பார்த்தது. வேதமாணிக்கம் செல்லபாயைப் பார்த்தான். அவன் சொல்லி என்ன ஆகப்போகிறது? நடந்ததைப் பார்த்தவர்கள் பலர், பிள்ளைக்கு எதிராகச் சொல்ல வாயுள்ளவர்கள் ஒருவரும் இல்லை. இவள் சொன்னால் ஏறுகிறவர்கள் நம்புவார்கள்.

செல்லபாய்க்குக் கணக்கு பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒடித்தவன் வேதமாணிக்கம் என்று ஆகிவிடும். சீசன் முடிகிறவரை அவன் ஏறியே தீரவேண்டும், ஒரு துளி அக்கானி கேட்க முடியாது. பனை பிழைத்தது, வருஷம் பிழைத்தது, மேல வருஷமும் பிழைத்தது. வாயைத் திறந்தால், ஒடித்தவர்கள் இந்த நாலு பேர். இவர்களா ஏறப் போகிறார்கள்?

மடியில் சுயம்பு முனகினான். "சொல்லாத பிள்ளே" என்றான் மெதுவாக.

காலை ஒடித்ததும் போதாமல், அந்தப் பொய்யை அவள் வாயாலேயே காப்பாற்றவும் வேண்டுமாம்.

"இவன் தொடல்ல ஏமானே" என்றாள் பேஷ்காரிடம். "தொடப்பிடாதுன்னு சுத்திப் போனவனாக்கும் இவன். எனக்க மாப்பிளய தூக்கினது இவிய நாலு பேரு. ஏமான கண்டதும் கும்பிடுகதுக்கு வேண்டி கைய விட்டினும். இன்னும் கைய எடுக்கல்ல, பாருங்க."

பேஷ்கார் நாலு பேரையும் பார்த்தார். எட்டுக் கைகளும் அப்போதுதான் அவசரமாகக் கீழே இறங்கின. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தான். பேஷ்கார் கோப்பையை அருகில் நின்ற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று அந்தியில் வேதமாணிக்கம் வேலிக்கு அப்பால் வந்து நின்றான். "இந்தக் காலு எனக்க பொறுப்பில்ல அக்கா."

"இல்ல."

"பாதிக்குப் பாதின்னா ஏறுதேன். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைய உண்டு."

"ஏறு" என்றாள். அது நியாயம். அவன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பானையில் பாதிதான் கொதித்தது. பிள்ளை வீட்டு முறை நாளில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. அதை அவர்கள் மறக்காமல் ஆளனுப்பி எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியதில் புருஷனுக்குக் கட்டுப்போட்ட ஆசானுக்கும் கொடுக்கவேண்டும், வீட்டில் கஞ்சியும் காய்ச்சவேண்டும். காய்ச்சினாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒருநாள் ராவில் தோன்றத்தான் செய்தது. தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பங்குனி பாதியில் கைலாசநாத பிள்ளை வந்தார். கூட யாரும் இல்லை. இந்தத் தடவை முற்றத்துக்குள் வரவில்லை, பழையபடி வேலிக்கு அப்பால். கோப்பை பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொன்னார். அன்றைக்கு நடந்தது ஒரு கைப்பிழை, யாரும் மனசறியச் செய்ததில்லை என்று சொன்னார். அதியன்னூர்க்காரனுக்குப் பனை கொடுக்கவில்லை, பயப்படவேண்டாம் என்று பெரிய மனசோடு சொன்னார். பிறகு பாயில் கிடந்தவனை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தார்.

"காலு மேல வருஷக் களிக்குள்ள சரியாவுமா செல்லபாயி? அவன் நடுவுல நிக்காம ஒக்காது கேட்டியா. காஞ்சிரங்குளத்துக்காரன் அடுத்தவட்டம் வேற மாதிரி வருவான்."

செல்லபாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலு சரியாவும் ஏமானே. நீங்க அதுக்கு முன்ன, ஆரக் கண்டாலும் கும்பிடாத கையுள்ள நாலு பேர தேடி வையுங்க, அவனத் தூக்குகதுக்கு."